குழி தோண்டிப் பார்த்தால் போதுமா?

பராமரிப்பு இல்லாத பனிமலைச் சரிவுகளில் நடக்கவும் சறுக்கவும் போகிற வாசகர்கள், பனிச்சரிவு அபாயம் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவும் பதில்களும்.

கேள்வி: குழி தோண்டி, 90 செ.மீ. அகலத்துக்குப் பனித்தூண் வெட்டி, மண்வாரியை மேலே வைத்து 30 தட்டும் தட்டினோம். விரிசலே வரவில்லை. அந்தச் சரிவில் தைரியமாக இறங்கலாம்தானே?

இறங்கலாம் என்று அந்தத் தூண் சொல்லவில்லை. அது நின்ற இடத்தில், அந்த நேரத்தில், பனிக்குள் இருக்கும் பலவீனமான அடுக்கில் விரிசல் ஓடவில்லை. அவ்வளவுதான் அது சொன்னது. முப்பதடி தள்ளி, பாறை புதைந்து பனி மெலிந்த இடத்தில் இதே சோதனை 12ஆவது தட்டிலேயே உடைந்திருக்கலாம். காற்று பனியை எங்கும் ஒரே கனத்தில் பரப்பி வைப்பதில்லை. ஆகவே இந்தச் சோதனை ‘வேண்டாம்’ என்றால் கேளுங்கள். ‘சரி’ என்றால், ஏற்கெனவே போகலாம் என்று முடிவு செய்வதற்கு உங்களிடம் வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தட்டிய விதத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2006இல் பனிச்சரிவு ஆய்வாளர்கள் ரான் சிமென்ஹாய்ஸும் கார்ல் பர்க்லாண்டும் அறிமுகப்படுத்திய சோதனை இது. இறங்கப்போகிற சரிவின் அதே திசை, அதே உயரம், ஏறக்குறைய அதே சாய்வு. ஆனால் உடைந்தாலும் உங்களை எங்கும் இழுத்துப்போகாத சின்ன மேடு. அங்கேதான் குழி. மரத்தடி ஆகாது, கிளையிலிருந்து விழுந்த பனி அடுக்குகளைக் குலைத்திருக்கும். மேட்டுப்பக்கச் சுவரைச் செங்குத்தாக வழித்தெடுத்து, சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் பின்புறமும் முடிச்சுப் போட்ட கயிற்றாலோ ரம்பத்தாலோ, சந்தேகப்படும் அடுக்குக்குக் கீழே வரை அறுத்துத் தூணைத் தனியாக்க வேண்டும். பிறகு ஒரு முனையில் மண்வாரித் தகட்டைப் படுக்கவைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. கை தன் எடையால் விழ வேண்டும். ஓங்கிக் குத்தக் கூடாது.

விரிசல் விழுந்த அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ அது மறுமுனை வரை ஓடிவிட்டால், விரிசல் பரவக்கூடிய பனி என்று அர்த்தம். எத்தனையாவது தட்டு என்பது இரண்டாம்பட்சம். 25ஆவது தட்டில் ஓடினாலும் ஓடியதுதான். தகட்டுக்கு அடியில் மட்டும் நொறுங்கி நின்றுவிட்டால், பரவவில்லை என்று குறித்துக்கொள்ளலாம்.

பிழை நேரும் இடங்கள் மூன்று. பின்புறம் முழுதாக அறுபடாமல் தூண் மலையைப் பிடித்துக்கொண்டிருப்பது முதலாவது. அப்போது எவ்வளவு மோசமான பனியும் ‘நல்ல’ முடிவு தரும். இரண்டாவது, மேலே புதுப்பனி மிருதுவாக இருந்தால் தகடு அதில் அமிழ்ந்து, தட்டின் வேகம் கீழே இறங்காது. மூன்றாவது, பலவீனமான அடுக்கு ஏறத்தாழ 1 மீட்டருக்குக் கீழே இருந்தால் தட்டு அங்கே எட்டவே எட்டாது. இதற்கு ரம்பச் சோதனை இருக்கிறது. 30 செ.மீ. அகலம், சரிவின் மேல்நோக்கி 100 செ.மீ. நீளம் என்று தூண் வெட்டி, ரம்பத்தின் பல் இல்லாத விளிம்பைப் பலவீன அடுக்குக்குள் செருகிக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். 50 செ.மீ. வருவதற்குள் விரிசல் ரம்பத்தை முந்திக்கொண்டு கடைசி வரை ஓடினால், அந்தச் சரிவை விட்டுவிடுங்கள்.

கேள்வி: குழிச்சுவரில் எதைத் தேடுவது? எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிகிறது.

கண்ணைவிடக் கை சீக்கிரம் கண்டுபிடிக்கும். மேலிருந்து கீழாகச் சுவரை அழுத்திக்கொண்டே வாருங்கள். மூடிய கைமுட்டி உள்ளே போனால் மிக மிருது. அடுத்து நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்று கடினம் கூடிக்கொண்டே போகும். எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் கொடுக்க வேண்டும். பென்சிலுக்கு வந்ததும் பலம் கூட்டுவது மனித இயல்பு, அது கணக்கைக் கெடுக்கும்.

மிருதுவான பனி தனியாக இருந்தால் பயமில்லை. கடினமானது மேலே, மிருதுவானது கீழே என்று இருப்பதுதான் கெட்ட சேர்க்கை. இட்லி மாவின் மேல் பலகையை வைத்த மாதிரி. அடுத்தடுத்த அடுக்குகளுக்கு இடையே ஒரு படிக்கு மேல் கடின வித்தியாசம், துகள் அளவில் 1 மி.மீ. வித்தியாசம், 10 செ.மீ.க்கும் குறைவான கனம், மேற்பரப்பிலிருந்து 1 மீட்டருக்குள் இருப்பு, பளபளக்கும் முனைகளோடு கூடிய துகள்: இவை ஒரே இடத்தில் கூடக் கூட அந்த அடுக்கின் மேல் சந்தேகமும் கூட வேண்டும். துகளைக் கறுப்பு அட்டையில் கொஞ்சம் உதிர்த்து, 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் வழியே பாருங்கள். சீனி மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டாமல் உருண்டு ஓடுகிறதா? தேடியது கிடைத்துவிட்டது.

கேள்வி: பழைய பனி நாளாக நாளாக இறுகத்தானே வேண்டும்? ஏன் சில இடத்தில் சீனியாக உதிர்கிறது?

இதற்குக் காரணம் வெப்பநிலை வித்தியாசம். பனிப்படுகையின் அடியில், தரையை ஒட்டி, பெரும்பாலும் 0° செல்சியஸ்தான் இருக்கும். மேற்பரப்பு குளிர்காற்றிலும் தெளிந்த இரவு வானத்திலும் சூட்டை இழந்து மிகவும் குளிர்ந்துவிடும். இடையில் 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அடியில் உள்ள நீராவி மேலே ஏறி, துகள்களின் முனையில் படிந்து, அவற்றைக் கோணம்கொண்ட படிகங்களாக வளர்த்துவிடும். துகள்களுக்கு இடையிலிருந்த பிணைப்பு போய்விடும். வித்தியாசம் குறைவாக இருந்தால் நேர்மாறு. துகள் உருண்டையாகி, ஒட்டிக்கொண்டு, படுகை கெட்டிப்படும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 செ.மீ. பனி, மேற்பரப்பு மைனஸ் 15°. ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் 3 டிகிரி; சீனி விளையும். அதே குளிரில் 200 செ.மீ. பனி இருந்தால் 10 செ.மீ.க்கு 0.75 டிகிரிதான், அது இறுகும். அதாவது குறைந்த பனி, பாதுகாப்பான பனி அல்ல. பாறையைச் சுற்றி, முகட்டை ஒட்டி, புதர் மூடிய இடங்களில் பனி மெலிந்திருக்கும். ஒரு பெரிய பனிப்பலகையை, அதாவது பலகை போல் ஒன்றாகப் பெயர்ந்து வரும் பனி அடுக்கை, கிளப்பிவிடும் ‘பொத்தான்’ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பாறை தலைகாட்டும் இடம் உறுதி என்று நினைத்து அதை நோக்கி ஒதுங்குகிறவர்கள் அந்தப் பொத்தானை மிதிக்கப் போகிறார்கள்.

இன்னொரு வகை உண்டு. தெளிந்த, காற்றில்லாத இரவில் பனியின் மேல் இறகு இறகாக உறைபனிப் பூக்கள் பூத்திருக்கும். பார்க்க அழகு. அதன் மேல் அடுத்த பனிப்பொழிவு மூடியதும், சீட்டுக்கட்டை நிமிர்த்தி வைத்தது போல் ஓர் அடுக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். குழியில் அது வெறும் சாம்பல் நிறக் கோடாகத்தான் தெரியும். ஒரு பிரஷ்ஷால் சுவரை மெல்லத் தடவினால் அந்தக் கோடு மட்டும் உள்வாங்கிக் குழியும்.

கேள்வி: நடக்கும்போது காலுக்கடியில் ‘தொம்’ என்று சத்தம் கேட்டது. என்ன அது?

உள்ளே இருந்த பலவீன அடுக்கு உங்கள் எடையில் இடிந்து உட்கார்ந்த சத்தம். நீங்கள் நின்ற இடம் தட்டையாக இருந்ததால் பனி எங்கும் போகவில்லை. இதே இடிவு பக்கத்திலுள்ள செங்குத்தான சரிவு வரை ஓடி, அங்கிருந்து பனிப்பலகையை இறக்கலாம். அன்றைக்குக் குழி தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. மலை சோதனை முடிவைக் கையில் கொடுத்துவிட்டது. காலடியிலிருந்து விரிசல் கோடாக ஓடினாலும், பக்கத்துச் சரிவில் அன்றே புதிதாகப் பனி சரிந்திருந்தாலும் இதே தீர்ப்புத்தான். சாய்வு குறைந்த தரையிலேயே, மேலே செங்குத்தான சரிவு எதுவும் தொங்காத வழியிலேயே திரும்புங்கள்.

கேள்வி: எத்தனை டிகிரிச் சரிவு ஆபத்து? கருவி இல்லாமல் அளக்க முடியுமா?

பலகை பலகையாக உடைந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புகின்றன. உச்சம் 38ஐ ஒட்டி. நன்றாகச் சறுக்க ஆசைப்படுகிறவர்கள் தேடும் சாய்வும் அதேதான் என்பது துரதிருஷ்டம். மிகச் செங்குத்தாக, 55, 60 டிகிரிக்கு மேல் இருந்தால் பனி சேராமல் அவ்வப்போது உதிர்ந்துகொண்டே இருக்கும்.

கருவி இல்லாவிட்டால், சம நீளமுள்ள இரண்டு ஊன்றுகோல் போதும். ஒன்றைச் செங்குத்தாகப் பனியின் மேல் நிறுத்துங்கள். மற்றொன்றைக் கிடைமட்டமாகப் பிடித்து, அதன் முனை மேல்பக்கச் சரிவைத் தொடும்படியும், கைப்பிடி செங்குத்துக் கோலை ஒட்டும்படியும் வையுங்கள். கிடைக்கோல் எந்த உயரத்தில் ஒட்டுகிறது? 120 செ.மீ. கோலுக்கு 69 செ.மீ. என்றால் 30 டிகிரி. 84 என்றால் 35. 94 என்றால் 38. உச்சியையே தொட்டால் 45. நடுவுக்குக் கீழே ஒட்டினால் 27 டிகிரிக்கும் குறைவு. வீட்டிலேயே 69 செ.மீ.யில் கோலைச் சுற்றி ஒரு டேப் ஒட்டிக்கொண்டு போனால், மலையில் கணக்குப் போட வேண்டியதில்லை.

வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு: 1:25,000 அளவில், 20 மீட்டர் இடைவெளியுள்ள சமஉயரக் கோடுகளுக்கு நடுவே 1.4 மி.மீ. இருந்தால் அது 30 டிகிரி. அதைவிட நெருங்கினால் செங்குத்து. கைபேசிச் செயலியின் வண்ணச் சாய்வுப் படத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது ஒரு கட்டத்துக்கு ஒரு சராசரிதான் காட்டும். பத்தடி உயரமுள்ள செங்குத்து மேடு அதில் காணாமல் போய்விடும். ஒரு ஆளைப் புதைக்க அந்த மேடு போதும்.

நீங்கள் நிற்கும் இடம் 20 டிகிரி என்பதால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மேலே இருப்பது 38 ஆக இருந்தால் வந்து விழப்போவது உங்கள் தலையில்தான். இருந்தாலும், இந்தத் துறையில் நாம் சந்தேகமில்லாமல் அளக்கக்கூடிய ஒரே விஷயம் சாய்வு. பனி உறுதியா என்று தெரியாத நாளில் 30க்குக் கீழேயே, மேலே எதுவும் தொங்காத இடத்திலேயே இருந்துவிட முடியும். வேறு எந்தச் சோதனையும் இந்த அளவு உத்தரவாதம் தருவதில்லை.

கேள்வி: அபாய அளவு 5இல் 3 என்று அறிக்கை வந்தது. நடுத்தரம்தானே?

எண்ணைப் பார்த்தால் நடு. பொருளைப் பார்த்தால் இல்லை. 1993 முதல் ஐரோப்பாவில் பொதுவாக வழங்கும் ஐந்து படிகள் இவை: குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். படிக்குப் படி ஒரே அளவாக ஏறுவதில்லை. ஒவ்வொன்றும் பெருகிக்கொண்டே போகும். 3இல் பல செங்குத்துச் சரிவுகளில் ஒரே ஆளின் எடை போதும், உடைவதற்கு. 4, 5 வந்தால் மக்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள். 3இல் வானம் வெளுத்து, புதுப்பனி மின்னும், கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் இந்தப் படியில் இறப்பு மிகுதி.

எண்ணோடு நிறுத்தாமல், கீழே உள்ளதையும் படியுங்கள்: எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசைச் சரிவுகளில், என்ன வகைச் சிக்கல் என்று எழுதியிருப்பார்கள். காற்று கொண்டுவந்து சேர்த்த பனி என்றால் ஒரு நாள், இரண்டு நாளில் அடங்கலாம். பழைய பலவீன அடுக்கு என்றால் வாரக்கணக்கில் அடங்காது. ஒரே 3தான், ஆனால் காத்திருக்க வேண்டிய காலம் வேறு. மேலும் அறிக்கை ஒரு வட்டாரம் முழுவதற்கும். உங்கள் முன்னால் உள்ள சரிவை எழுதியவர் பார்த்ததே இல்லை.

கேள்வி: புதுப்பனி எவ்வளவு விழுந்தால் பயப்பட வேண்டும்?

24 மணி நேரத்தில் 30 செ.மீ. என்பது பொதுவான எச்சரிக்கை எல்லை. 30 செ.மீ. பஞ்சுப்பனி, தண்ணீராக 3 செ.மீ.; சதுர மீட்டருக்கு 30 கிலோ. மலை அந்தச் சுமையை மெதுவாக என்றால் தாங்கும், சட்டென்று என்றால் முரண்டும். ஆனால் அளவுகோலைவிடக் காற்றைக் கவனியுங்கள். வானிலிருந்து விழுவதைப் போல் பத்து மடங்கு வேகத்தில், காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் சேர்த்துவிடும். முகட்டைத் தாண்டிய மறைவுப் பக்கம்தான் சேருமிடம். அங்கே பனி வழவழப்பாக, உப்பலாக, மேளத்தோல் போல் இறுகிச் சத்தம் கொடுத்தால் அது காற்றுப் பலகை. முகட்டு விளிம்பில் வீட்டு இறவாரம் போல் நீட்டிக்கொண்டு நிற்கும் பனியும் காற்று வந்த திசையைக் காட்டும். அதன் மேல் நடக்கவே கூடாது. பல நேரம் அது நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தைவிட வெகு உள்ளே தள்ளி உடையும்.

கேள்வி: முந்தின நாள் ஐந்து பேர் சறுக்கிய தடம் இருக்கிறது. நம்பலாமா?

கூடாது. ஐந்து பேரும் பொத்தானின் மேல் ஏறவில்லை, அவ்வளவுதான். ஆறாவது ஆளுக்கு உடைந்த சரிவுகள் எத்தனையோ உண்டு. இரவில் காற்றடித்திருந்தால் அது வேறு சரிவு.

கேள்வி: வெயில் காலத்தில் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

கடிகாரத்தைவிடக் கால் நன்றாகச் சொல்லும். இரவில் பனி நன்றாக உறைந்திருந்தால், காலையில் பூட்ஸ் தடம்கூடப் பதியாது. வெயில் ஏறி இளகி, கணுக்கால் வரை புதைய ஆரம்பித்ததும் அந்தச் சரிவை விட்டு நீங்கிவிட வேண்டும். முழங்கால் வரை புதைகிறது என்றால் தாமதமாகிவிட்டது. சரிவில் பனி உருண்டைகள் தாமாகச் சுருண்டு உருள்வது முன்னறிவிப்பு.

இரவு மேகமூட்டமாக இருந்ததா என்று கேளுங்கள். தெளிந்த வானமானால் காற்று 0°க்குச் சற்று மேலே இருந்தாலும் பனி தன் சூட்டை வெளியே விட்டு உறைந்துவிடும். மேகம் போர்வையாக மூடினால் உறையாது. அப்படிப்பட்ட நாள் விடியும்போதே கெட்டுப்போய்த்தான் விடியும். வெயில் முதலில் கிழக்குச் சரிவைத் தொடும், கடைசியாக மேற்கை. வழியை அந்த வரிசைக்குத் தகுந்தபடி போடுங்கள்.

கேள்வி: கூட்டாளி புதைந்துவிட்டால் என்ன செய்வது? எவ்வளவு நேரம் இருக்கிறது?

சுவிட்சர்லாந்து விபத்துகளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த கணக்குப்படி, முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதன்பின் 30 நிமிடத்துக்குள் அது மூன்றில் ஒன்றாகச் சரிந்துவிடுகிறது. மீட்புப் படை வரும் நேரம் இது இல்லை. கூட இருப்பவர்கள்தான் மீட்புப் படை.

கடைசியாகப் பார்த்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். மேலே இன்னும் சரியுமா என்று பார்த்தபின், எல்லோரும் டிரான்ஸீவரை (ஆளுக்கொன்றாக உடம்பில் கட்டியிருக்கும், சிக்னல் அனுப்பவும் தேடவும் கூடிய கருவி) தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மாற்ற மறந்தால் கருவிகள் அவரையே சுற்றும். 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் இந்தக் கருவியைக் கைபேசி குழப்பும்; தேடும்போது 50 செ.மீ., அனுப்பும்போது 20 செ.மீ. தள்ளியிருக்கட்டும். தேடுகிறவர் ஒருவர்தான் என்றால் 40 மீட்டர் அகலத்துக்கு வளைந்து வளைந்து இறங்கி, சிக்னல் கிடைத்ததும் அம்புக்குறியைப் பின்பற்றுங்கள். 10 மீட்டருக்குள் நடை மெதுவாகட்டும். 3 மீட்டருக்குள் கருவியைப் பனியோடு ஒட்டிவைத்து, திருப்பாமல், நீளவாக்கில் ஒருமுறை, குறுக்காக ஒருமுறை நகர்த்தி, மிகக் குறைந்த எண் வரும் புள்ளியைப் பிடியுங்கள்.

அங்கிருந்து, புதைந்தவரைக் குத்தித் தேடும் நீளமான புரோப் கம்பியைப் பனிப்பரப்புக்குச் செங்குத்தாக, சுருள்வட்டத்தில் 25 செ.மீ. இடைவெளி விட்டுக் குத்திக்கொண்டே போங்கள். உடல் பட்டால் ‘மெத்’தென்று இருக்கும். பட்ட கம்பியை உருவவே கூடாது, அதுதான் முகவரி. கம்பியில் ஆழம் 1 மீட்டர் என்று காட்டினால், கம்பிக்குக் கீழ்ப்பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளித் தோண்ட ஆரம்பியுங்கள். கம்பியை ஒட்டிச் செங்குத்தாகக் குழி பறிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் புதைந்தவரின் மூச்சுவெளியின் மேலேயே நிற்கிறீர்கள். தோண்டியதைத் தூக்கி வெளியே எறியவும் வேண்டியிருக்கும். சரிந்து நின்ற பனி கெட்டித்துப்போய், சாதாரணப் பனியாக இருக்காது. 1 மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை நகர்த்த வேண்டும். முன்னால் ஒருவர் வெட்ட, பின்னால் இருப்பவர்கள் துடுப்புப் போடுவது போல் தள்ளிவிட, சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாளை மாற்றுங்கள். மண்வாரி உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தகடு இந்தப் பனியில் வளையும். முகம் தெரிந்ததும் வாயையும் மூக்கையும் துடைத்து, நெஞ்சின் மேல் இருக்கும் எடையை முதலில் அகற்றுங்கள். கால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கைப்பிடியை இழுத்தால் முதுகுப்பையிலிருந்து விரியும் காற்றுப்பை வாங்கினால் மேலே சொன்னதெல்லாம் தேவையில்லையா?

தேவை. ஓடும் பனியில் பெரிய பொருள் மேலே மிதந்து வரும் என்ற விதியில் அது இயங்குகிறது. 2014இல் வெளியான ஆய்வில், கடுமையாகச் சிக்கியவர்களிடையே பை விரியாதபோது 22 சதவீதமாக இருந்த இறப்பு, விரிந்தபோது 11 ஆகப் பாதியானது. பாறையிலும் மரத்திலும் மோதுவதை அது தடுக்காது. ஓடைப் பள்ளத்தில் பனி குவிந்தால் மேலே கொண்டுவர அதற்கு இடமே இல்லை. பலர் பையின் கைப்பிடியை இழுக்கவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் நின்று பத்து முறை இழுத்துப் பழகுங்கள்.

கேள்வி: கடக்க வேறு வழியில்லாத சரிவு என்றால்?

ஒருவர் ஒருவராக. மற்றவர்கள் மரக்கூட்டமோ மேடோ உள்ள பாதுகாப்பான இடத்தில் நின்று, கடப்பவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். ஊன்றுகோல் வார்களைக் கையிலிருந்து கழற்றிவிடுங்கள். சிக்கினால் அவை நங்கூரமாக இழுக்கும். முடிந்த அளவு உயரத்தில், சரிவு வெளிப்பக்கமாக உப்பும் இடத்தைத் தவிர்த்துக் கடக்கவும். கடந்தவர் பாதுகாப்பான இடம் சேர்ந்து கையை உயர்த்தும் வரை அடுத்தவர் அடியெடுக்கக் கூடாது. பாதியில் நின்று படம் எடுப்பது வேண்டாம்.